பூக்கல் பதிப்பது பற்றி நான் எழுதிக் கொடுத்தவை

1

பூக்கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பதிக்க வேண்டுமா, அப்படியே பதிக்கலாமா என்று 1961-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு பெண் சீட்டு எழுதிக் கேட்டார். அப்படியே பதிக்கலாம் என்று பதில் எழுதினேன். பூக்கல் பதிப்பது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இந்தக் கதை அங்கேயிருந்துதான் வருகிறது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது வைத்துச் சொன்னால், வாசகர்கள் என்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை

[இந்த வாக்கியத்தை மூன்று முறை முடித்துப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. அப்படியே கிடக்கட்டும்.]

திண்டுக்கல் பழனி ரோட்டில் ஒரு பூக்கல் பட்டறையில் அப்போது எனக்கு வேலை. இப்போதும் அங்கேதான். சிமெண்டில் சாயம் கலந்து, பூ வெட்டிய அச்சில் ஊற்றி அழுத்தி எடுத்தால், எட்டு அங்குலச் சதுரத்தில் தரைக்கு ஒரு கல் வரும். அச்சடிப்பவர்கள் பின்கட்டில் இருப்பார்கள். யார் வீட்டுக்கு எத்தனை கல் போகிறது என்று சீட்டு எழுதுகிறவன் முன்கட்டில் இருப்பான். அது நான். பட்டறையில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர், மில் ரைட்டர் என்பது போல நானும் "ரைட்டர்".

நான் கதை எழுதுகிறவன் என்பது அவர்களுக்குத் தெரியாது. பத்திரிகைகளுக்கும் தெரியாது. அதுவரை ஒன்பது கதைகள் அனுப்பியிருந்தேன். ஒன்பதும் நான் உள்ளே வைத்தனுப்பிய தபால்தலையை ஒட்டிக்கொண்டு பத்திரமாகத் திரும்பி வந்திருந்தன.

2

இந்தப் பத்தாவது கதைக்குத் தொடக்கம் அமைய ஆறு வருஷம் ஆயிற்று. கைவிட்டவற்றில் இரண்டைக் காட்டுகிறேன்.

'கோட்டை மலைமேல் மாலை வெயில் பொன்னாய் உருகிக்கொண்டிருந்த வேளையில், பேகம்பூரின் குறுகிய தெருவொன்றில், ஜெய்தூன் பீவி தன் மை தீட்டிய விழிகளை உயர்த்தி'

விட்டுவிட்டேன். அந்த விழிகளை நான் பார்த்ததில்லை. அவர் மை தீட்டுவாரா என்றும் தெரியாது.

'அது ஒரு சாதாரண வீடு. ஆனால் அந்த வீட்டில்'

இந்த "ஆனால்" சரியில்லை. அந்த வீட்டில் அதிசயமாக எதுவும் இல்லை. தரைதான் மோசம்.

ஆகவே தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதிவிடுகிறேன். அந்தச் சீட்டு எழுதிய ஜெய்தூன் பீவி எங்கள் ஊர் பேகம்பூரில் இருந்தார், அப்போது முப்பது வயதுக்குள் இருக்கும். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து, தெருப் பெண்களுக்கு ரவிக்கையும் பிள்ளைகளுக்குச் சட்டையும் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கணவர் பீர் முகமது மெட்ராஸில், பெரியமேட்டில், ஒரு தோல் வியாபாரியிடம் வேலை பார்த்தார். வருஷத்துக்கு இரண்டு முறை ஊருக்கு வருவார். பிள்ளைகள் இல்லை.

வீட்டின் நடுக்கூடத்தில்தான் மிஷின். பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம். பழைய சுண்ணாம்புத் தரை பெயர்ந்து, ஊசி விழுந்தால் வெடிப்புக்குள் போய்விடும் என்ற நிலை. அவர் எங்கள் பட்டறையில் இருநூற்றுத் தொண்ணூறு கல் வாங்கினார். கொத்தனார் யார் என்று கேட்டனுப்பினேன். யாருமில்லை, நானே பதித்துக்கொள்கிறேன் என்று பதில் வந்தது.

ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆகவே உங்களுக்கும் இப்போது சொல்லவில்லை.*

* இது கதைக்காரர்கள் செய்கிற தந்திரம் என்று நினைக்க வேண்டாம். ஏழாம் பகுதியில் சொல்லிவிடுவேன்.

3

கல்லை ஏற்றிக்கொண்டு போனவர் மூக்கையா. பட்டறைக்கு வண்டி ஓட்டுகிறவர், ஐம்பது வயது, ஒற்றை மாடு. ஜெய்தூன் பீவி வெளி ஆட்கள் முன்னால் வருவதில்லை. மூக்கையா நடையில் கல்லை இறக்குவார். கதவிடுக்கு வழியே ஒரு கை சீட்டை நீட்டும். அதை என்னிடம் கொண்டுவந்து தருவார். என் பதிலைத் திரும்ப அங்கே கொண்டுபோவார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் இரண்டு பக்கமும், "என்ன எழுதிருக்கு?" என்று கேட்டுக்கொள்வார்.

முதல் சீட்டு இது:

'ஐயா, கல் இருநூற்றுத் தொண்ணூறும் வந்து சேர்ந்தது. மூன்று கல் முனை உடைந்திருக்கிறது. அது போகட்டும். இவற்றைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பதிக்க வேண்டுமா, அப்படியே பதிக்கலாமா? தெரிவிக்கவும். ஜெ. பீவி.'

பின்கட்டுக்குப் போய்க் கேட்டிருக்கலாம். இருபது அடி நடக்க வேண்டும். வெயில் கடுமையாக இருந்தது. அதோடு, திண்டுக்கல்லில் குழாயில் தண்ணீர் வந்தால் அதுவே ஒரு செய்தி. மனிதன் குளிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் கல்லைக் குளிப்பாட்டுவதா என்று தோன்றியது. எழுதினேன்:

'அம்மணி, உயர்ந்த கல்லுக்கு ஊறல் வேண்டுவதில்லை. ஊறிய கல் உறுதி இழக்கும்.'

எழுதிவிட்டு ஒரு முறை வாசித்தேன். மோனை நன்றாக விழுந்திருந்தது. நான் எழுதியதை நம்பிப் படிக்க ஒருவர் காத்திருக்கிறார் என்பது அதுவரை எனக்கு நேராத அனுபவம். மூக்கையா என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான இருக்கு" என்றார்.

4

அடுத்து, எந்த மூலையிலிருந்து தொடங்குவது என்று கேட்டார். 'வாசற்பக்கத்து மூலையே உத்தமம்' என்று எழுதினேன். அதற்கும் காரணம் கிடையாது. வாசலில்தானே எல்லாம் தொடங்குகிறது.

மறுநாள் வந்த சீட்டு கொஞ்சம் நீளம்:

'நீங்கள் சொன்னபடி செய்யுமுன், பழைய பேப்பரை எட்டங்குலச் சதுரமாக வெட்டிக் கூடம் முழுக்கப் பரப்பிப் பார்த்தேன். துணியில் கத்தரி வைக்குமுன் பேப்பரில் வெட்டிப் பார்ப்பது என் வழக்கம். மேற்குச் சுவரில், தெற்கு முனையில் பேப்பர் சரியாக முடிகிறது. வடக்கு முனையில் இரண்டரை அங்குலம் மிச்சம் நிற்கிறது. கூடம் கோணலா, உங்கள் பதில் கோணலா?'

'கூடம்' என்று எழுதினேன். அது உண்மையாகவும் இருந்தது. பழைய வீடுகளில் எந்த அறையும் சதுரமாக இருப்பதில்லை.

அவரே வழியும் கண்டுபிடித்துவிட்டார். முதுகுத் துணியை நடுவில் மடித்துக்கொள்வது போலக் கூடத்தின் நடுவில் சாக்பீஸால் கோடு போட்டு, அங்கிருந்து இரண்டு பக்கமும் பதித்துக்கொண்டு போகப்போவதாகவும், கோணல் தெரியாதபடி சுவரோரக் கல்லை மட்டும் அளவுக்கு வெட்டி வைக்கப்போவதாகவும் எழுதி, 'ஆட்சேபணை உண்டா?' என்று கேட்டிருந்தார். 'இல்லை' என்றேன். கொத்தனார்கள் செய்வதும் அதேதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

தையலை அடுப்படிக்கு மாற்றிவிட்டார். கூடத்துக்குத் திரை கட்டினார். சிமெண்டுக்குப் பர்மிட் வாங்க அலைய வேண்டிய காலம் அது. அதனால் சுண்ணாம்புக் கலவை. சுண்ணாம்பையும் மணலையும் மூக்கையாதான் கொண்டுபோய்க் கொட்டினார்.

5

பத்தாவது சீட்டைக் கொடுக்கும்போது மூக்கையா என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை.

'நாலு வரிசை, அறுபது கல் பதித்தேன். நாலு நாள் ஆகிறது. இன்று காலை மிதித்துப் பார்த்தபோது ஒரு கல் ஆடியது. விரல் முட்டியால் தட்டினால் காலிப் பானை போலச் சத்தம் வருகிறது. அறுபதையும் தட்டினேன். ஐம்பத்திரண்டில் அந்தச் சத்தம். ஒன்றைப் பெயர்த்துப் பார்த்தால் கலவை கல்லில் ஒட்டவே இல்லை, மாவாக உதிர்கிறது. நீங்கள் எழுதியபடிதான் செய்தேன்.'

"அழுதாகளாண்ணே?" என்று கேட்டேன்.

"அழுகல. ஒண்ணும் பேசல. சீட்ட நீட்டுனாக, வாங்கிட்டு வந்தேன்." மூக்கையா மாட்டின் மூக்கணாங்கயிற்றைச் சரி செய்தார். செய்ய வேண்டிய தேவை இல்லை, அது சரியாகத்தான் இருந்தது. "அந்தக் கையப் பாத்தேன் ரைட்டரு. சுண்ணாம்பு தின்னு விரல்நுனி பூராம் வெடிச்சுக் கெடக்கு. அந்தக் கையோட ஊசி புடிக்கணுமுல்ல."

[இந்த இடத்தில் என் மனநிலையை விவரித்து ஒரு பக்கம் எழுதியிருந்தேன். நெஞ்சில் ஏதோ கனத்தது என்றெல்லாம் வந்தது. எடுத்துவிட்டேன். வெடித்தது என் விரல் இல்லை.]

6

இருபது அடி நடந்து பின்கட்டுக்குப் போனேன். அங்கே ஒச்சப்பன் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஊரில் பெயரெடுத்த கொத்தனார். அவரிடம், பூக்கல் பதிக்கும் முறை என்ன என்று கேட்டேன்.

"எதுக்கு?"

வேறு வழி தெரியவில்லை. "கதை ஒண்ணு எழுதுறேன். அதுல ஒரு ஆளு வீட்டுக்குத் தரை போடுறான்."

ஒச்சப்பன் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார். "கொத்தனாரா?"

"இல்ல."

"அப்பறம் அவன் ஏன் போடுறான்? ஒரு கொத்தனாரக் கூப்புட வேண்டியதுதான?"

"கூப்புட முடியாது."

"ஏன் முடியாது?"

"கதை அப்படி."

"சரி, கல்ல ஊறப்போட்டானா?"

"போடல."

"போச்சு" என்றார் ஒச்சப்பன். சாவுச் செய்தி கேட்டவர் போல முகம் மாறிவிட்டது. "காஞ்ச கல்லு கலவையில இருக்க தண்ணியப் பூராம் உறிஞ்சிரும்யா. அப்பறம் கலவ எதக் கொண்டு புடிக்கும்? ஒரு நாப்பூராம் தண்ணில கெடக்கணும். கொமிழி நிக்கிற வரைக்கும் கெடக்கணும். எவன் சொன்னான் அவனுக்கு?"

"தெரிஞ்ச ஒருத்தன் சொன்னான்."

"அவன் நல்லாருக்க மாட்டான்."

அதன்பின் கல்லின் அடியைச் சுரண்டுவது, கலவையின் பதம், மரக்கட்டையால் தட்டி மட்டம் பார்ப்பது என்று எல்லாவற்றையும் ஒச்சப்பன் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். ஒரு கதைக்கு இவ்வளவு வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை. அடுத்த வாரமே பட்டறைக்கு வந்தவர் கல்லைப் பார்ப்பதற்கு முன்னால் என்னிடம் வந்து நின்றார்.

"அந்த ஆளு எம்புட்டு வரிச போட்டுருக்கான்?"

எனக்கு வாய்த்த முதல் வாசகர் அவர்.

7

பத்தாவது பதில் எழுத ஒரு பகல் பிடித்தது. எழுதியது இவ்வளவுதான்:

'முதல் சீட்டில் நான் எழுதியது தவறு. தெரியாமலேயே எழுதினேன். கல்லை ஒரு நாள் முழுக்க ஊறப்போட வேண்டும். அறுபதையும் பெயர்க்க வேண்டியிருக்கும். மன்னிக்கவும்.'

மூக்கையாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றார்.

"என்னண்ணே?"

"அதுக்கு நேரமில்ல ரைட்டரு. மார்கழில பாய் வர்றாரு. வந்து வீட்ட வித்துட்டு அந்தப் புள்ளயக் கூட்டிட்டு மெட்ராசுக்கே போயிறணும்ங்கிறாராம். போன தடவயே ஒரு ஆளு வந்து பாத்துருக்காரு. தரை மோசம்னு போயிட்டாராம். இந்தப் புள்ள என்னமோ நெனைக்குது. புதுசா தரை போட்டு வீடு கண்ணுக்கு லெச்சணமா இருந்தா, மனுசனுக்கு விக்க மனசு வராதாம்."

"கொத்தனார வச்சுப் போட்டா என்ன?"

"கல்லச் சாக்குப் போட்டு மூடிக் கொண்டாந்துரலாம். கொத்தனாரு வந்தா தெருவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரிஞ்சா மச்சினன் வீட்டுக்குத் தெரியும். மெட்ராசுக்குக் காயிதம் போயிரும். பெறகு எங்குட்டுப் போடுறது?"

ஏழாம் பகுதியில் சொல்வதாகச் சொன்னது இதுதான்.

அன்று மாலையே பதில் வந்தது: 'தெரிந்தது. அறுபதும் பெயர்த்தாயிற்று. ஊறப்போடத் தண்ணீர் இல்லை. அடுத்து என்ன?'

மன்னித்தாரா என்று அதில் இல்லை. மறுபடி மறுபடி வாசித்தேன், இல்லை.

பட்டறையில் புதுக்கல்லைப் பதப்படுத்த ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி உண்டு. தினம் முப்பது கல்லை மூக்கையா வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவது, தொட்டியில் போடுவது, மறுநாள் ஈரச் சாக்குப் போர்த்தித் திரும்பக் கொண்டுபோவது என்று ஏற்பாடு செய்தேன். எங்கள் கல்லே எங்கள் பட்டறைக்கும் பேகம்பூருக்கும் போய் வந்துகொண்டிருந்தது. முதலாளி ஒரு நாள் பார்த்துவிட்டு, விற்ற கல் ஏன் திரும்பி வருகிறது என்று கேட்டார்.

"குளிக்க வருது முதலாளி" என்றார் மூக்கையா.

முதலாளி என்னைப் பார்த்தார். பரிசோதனை நடக்கிறது என்றேன். என்ன பரிசோதனை என்று அவர் கேட்கவில்லை. ரைட்டர் சொன்னால் ஏதாவது இருக்கும் என்று நினைத்திருப்பார்.

கார்த்திகை கடைசியில் பதினான்காவது சீட்டு வந்தது. 'முடிந்தது. மிஷினைத் திரும்பக் கூடத்தில் போட்டுவிட்டேன்.' கேள்வி எதுவும் இல்லாத சீட்டு அது ஒன்றுதான்.

8

இங்கே எனக்கு ஒரு பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது. பீர் முகமது.

பழைய பிரதியில் அவருக்கு நான் அடர்ந்த மீசையும், பொறுமையில்லாத குரலும் கொடுத்திருந்தேன். மெட்ராஸ் பவிசும் கொஞ்சம் உண்டு. 'வீட்டை விற்பது என்று நான் முடிவு செய்துவிட்டேன் என்று கர்ஜித்தார்' என்று ஒரு வாக்கியம்கூட எழுதி வைத்திருந்தேன். மார்கழி மாதம் ஒரு காலையில் மனிதரே பட்டறைக்கு வந்துவிட்டார். மெலிந்த உடம்பு. மீசை இல்லை. வெளுத்த சட்டை. கர்ஜிக்கிற குரலும் இல்லை.

"நீங்கதான் ரைட்டரா?"

ஆமாம் என்றேன். சட்டைப் பையிலிருந்து தையல் நூலால் கட்டிய சிறு கட்டு ஒன்றை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். என் கையெழுத்து. அவர் மனைவிக்கு, அவர் ஊரில் இல்லாத மாதங்களில், நான் எழுதிய சீட்டுகள். இதை ஒரு கணவன் எப்படி வாசிப்பான் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. அப்போது யோசித்தேன்.

"எல்லாம் படிச்சுட்டேன்" என்றார்.

கையிலிருந்த பேனாவை மூடிக் கீழே வைத்தேன்.

"மொதச் சீட்டுல ஊறப்போட வேணாம்னு இருக்கு. பத்தாஞ் சீட்டுல ஊறப்போடணும்னு இருக்கு. தரை எந்தச் சீட்டுப்படி போட்டது?"

"பத்தாவது."

"நல்லது" என்று சொல்லி பெஞ்சில் உட்கார்ந்தார். "நெலப்படி தாண்டி உள்ள வந்ததும் வீடு மாறி வந்துட்டோமாண்டு திரும்பித் தெருவப் பாத்தேன். அவ ஒத்தையா போட்டாளாம். கேட்டா, ஊசி தொலையுதுங்கிறா."

பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் ஒருவர், தரை மோசம் என்று போன தடவை விட்டுவிட்டுப் போனவர், இப்போது வந்து பார்த்திருக்கிறார். கீழே உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்திருக்கிறார். வீட்டை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். வீட்டம்மாவே போட்ட தரை என்று தெரிந்ததும் மட்டும் கொஞ்சம் தயங்கினாராம். பட்டறையிலிருந்து யாராவது பார்த்து, தரை தாங்கும் என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்கிறாராம்.

முதல் சீட்டோடு நான் நிறுத்தியிருந்தால் கல் அத்தனையும் ஆடிக்கொண்டிருக்கும். மண்டிக்காரர் இரண்டாவது தடவையும் வேண்டாம் என்று போயிருப்பார். அந்த வீட்டை விற்றது நான் சரியாக எழுதிய சீட்டுகள்.

"விக்காம இருக்க முடியாதா?" என்று கேட்டுவிட்டேன். கேட்க எனக்கு என்ன உரிமை என்று தெரியாது.

பீர் முகமது கோபப்படவில்லை. "ஒம்போது வருசமா பெரியமேட்டுல தோல் மூட்டைக்குப் பக்கத்துல படுத்து எந்திரிக்கிறேன். வருசத்துக்கு ரெண்டு தடவ வாரேன், எட்டெட்டு நாளு. கூட்டிப் பாத்தேன் ரைட்டரே. நிக்காஹ் முடிஞ்சு நானும் அவளும் ஒரு வீட்டுல இருந்தது மொத்தம் அஞ்சு மாசம்கூட வரல."

மீசையையும் குரலையும் அன்றைக்கே அடித்துவிட்டேன்.

9

போனேன். கூடத்தின் கடைசியில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் செருப்பைக் கழற்றியதும் நின்றது.

தரையைப் பற்றி எழுத வேண்டும். கறுப்பும் வெள்ளையும் பச்சையுமாக நாலு கல் சேர்ந்தால் ஒரு பூ. அந்தப் பூக்கள் கூடத்தின் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் சீராகப் போயின. மேற்குச் சுவரோரம் வெட்டிய கற்கள் கொஞ்சம் கொஞ்சமாக அகலம் கூடிக்கொண்டே போனதை, தெரிந்தவன் குனிந்து பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும். எங்கள் பட்டறைக் கல் இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் அவற்றை எண்ணிக்கையாகவே பார்த்திருந்தேன்.

ஒச்சப்பன் சொல்லிக்கொடுத்தபடி மண்டியிட்டு ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டினேன். பீர் முகமது சுவரோரமாக நின்றார். ஒரு மணி நேரம் ஆயிற்று. எல்லாம் கெட்டியான சத்தம். ஜன்னலோரம் ஒரு கல்லில் மட்டும் குரல் லேசாக மாறியது. இன்னொரு தடவை தட்டினேன்.

எழுதுவதற்கு ஒன்று கிடைத்துவிட்டது. இந்த ஒன்றை வைத்துக்கொண்டு, தரை முழுவதும் சந்தேகம் என்று எழுதலாம். மண்டிக்காரர் வரமாட்டார். ஜெய்தூன் பீவி இங்கேயே

"ஏழாவது கல்லு" என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "அது எனக்குத் தெரியும். அதுல கலவ கொஞ்சம் எளகிருச்சு."

முதல் முறையாக அந்தக் குரலைக் கேட்டேன். நான் நினைத்திருந்ததைவிடத் தடித்த குரல்.

பீர் முகமது பேனாவையும் தாளையும் நீட்டினார். வாங்கிக்கொண்டு எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். "வீட்டுல என்ன சொல்றாகன்னு கேட்டுக்கிட்டு எழுதுறேன்" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார்.

"கல்லு எப்புடி இருக்கு ரைட்டரே? மொதல்ல அதச் சொல்லுங்க."

"நல்லாருக்கும்மா."

"கொத்தனாரு போட்ட மாதிரி இருக்கா?"

"அதவிட நல்லாருக்கு."

"மோனைக்காகச் சொல்லலையே?"

"இல்லம்மா."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"அப்ப உள்ளத எழுதுங்க" என்றார் ஜெய்தூன் பீவி. "என் கையால போட்டது. ஆடும்னு எழுதி அதக் கெடுக்காதீக. ஏழாவது கல்ல எடுத்துப் போடணும், அதையும் எழுதுங்க."

பீர் முகமது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரிடம் அந்தக் குரல் கேட்டது: "பெரியமேட்டு ரூம்புல ஜன்னல் உண்டா?"

"இருக்கும்."

"இருக்கா, இருக்குமா?"

"போய்ப் பாத்துக்கலாம் ஜெய்தூன்."

நான் எழுதினேன். 'தரையைப் பார்த்தேன். ஜன்னலோரம் ஒரு கல்லைத் திரும்பப் பதிக்க வேண்டும். மற்றவை உறுதியாக இருக்கின்றன. பல வருஷம் தாங்கும்.' மோனை எதுவும் வராமல் பார்த்துக்கொண்டேன்.

10

வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், தரை தாங்காது என்று எழுதிக் கொடுக்கிறேன். வீடு விற்கவில்லை. ஜெய்தூன் பீவி அந்தக் கூடத்திலேயே உட்கார்ந்து தைக்கிறார். பீர் முகமது ரயிலேறுகிறார். அவர் ரயிலேறுகிற பாராவில் ஒவ்வொரு தடவையும் என் பேனா நின்றுவிடுகிறது.

இன்னொன்றில் பீர் முகமதுவுக்குத் திண்டுக்கல்லிலேயே, தோல் அடுக்கி வைக்கும் ஒரு கிட்டங்கியில் வேலை கிடைக்கிறது. எல்லாரும் இங்கேயே இருக்கிறார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. இரண்டு கிட்டங்கிகளில் நானே போய் விசாரித்தேன். வேலை இல்லை என்றார்கள்.

ஒச்சப்பன் பொங்கலுக்கு முன்னால் வந்தார்.

"தரைய முடிச்சானா அந்த ஆளு?"

"முடிச்சான். ரொம்ப நல்லா வந்துச்சு."

"பெறகு?"

"வீட்ட வித்துட்டு ஊரவிட்டுப் போறான்."

ஒச்சப்பன் மேஜைமேல் கையை ஊன்றிக் குனிந்தார். "இம்புட்டுப் பாடுபட்டுப் போட்டுட்டு ஏன்யா போறான்?"

"வீட்டுல ஒருத்தரு இன்னொருத்தர விட்டு ரொம்ப நாளா தனியா இருந்துட்டாக."

"மாத்தி எழுது. நீதான எழுதுற?"

முடியவில்லை என்றேன். அவர் வேண்டிய கல்லைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார். அதன்பின் கதையைப் பற்றி அவர் கேட்டதில்லை.

11

தை மாதம் அவர்கள் ரயிலேறினார்கள். தட்டுமுட்டுச் சாமான்களையும், சாக்குச் சுற்றிய தையல் மிஷினையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனவர் மூக்கையா. திரும்பி வந்து மடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார். "வண்டி கெளம்பப்போகயில குடுத்தாக."

'ரைட்டர் அவர்களுக்கு. நாங்கள் போகிற அறை மாடியில் என்கிறார். தரை எதனால் போட்டது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரும், மிஷினை எங்கே போடலாம் என்று இவரிடம் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றே சொல்கிறார். வெளிச்சத்தைக் கவனிக்கிற ஆள் இல்லை இவர். உங்களுக்குத் தெரிந்தால் எழுதவும். தெரியாவிட்டால் வேண்டாம்.'

கீழே பெரியமேட்டு முகவரி இருந்தது.

"என்ன எழுதிருக்கு?" என்று மூக்கையா கேட்டார். வாசித்துக் காட்டினேன்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

மதுரையைத் தாண்டி நான் எங்கும் போனதில்லை. அன்று முதல் இந்த ஆறு வருஷத்தில் அந்த அறையைப் பற்றி எட்டு தடவை எழுதியிருக்கிறேன். ஒன்றில் கிழக்கே பெரிய ஜன்னல் வைத்தேன். ஒன்றில் சிவப்புச் சிமெண்டுத் தரை, மழமழவென்று. ஒன்றில் மாடிப்படியில் துணியோடு பெண்கள் ஏறி வருகிறார்கள். எல்லாமே நன்றாக வந்திருந்தன. ஒன்றையும் அனுப்பவில்லை. அங்கேயே குடியிருப்பவருக்கு இந்நேரம் எல்லாம் தெரிந்திருக்கும், ஆனாலும் என் பதில் பாக்கி.

பெரியமேட்டில் மாடி அறைகளில் குடியிருந்தவர்கள், இப்போது இருப்பவர்கள், யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினால் போதும். தரை எதனால் ஆனது. காலையில் வெளிச்சம் வருமா, வந்தால் எங்கே விழும். மிஷின் சத்தம் கேட்டிருந்தால் அதையும் எழுதலாம். பட்டறை, பழனி ரோடு, திண்டுக்கல் என்று போட்டால் எனக்கு வந்து சேரும். நான் அப்படியே நகல் எடுத்து அவருக்கு அனுப்பிவிடுகிறேன். ஒரு சொல்லும் சேர்க்க மாட்டேன்.